முன்பே வந்த புகார்

மத்தியானம் லேபில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் புகார்ப் பட்டியலைத் திறந்தாள். பட்டியல் ஏறக்குறைய காலியாக இருந்தது.

ஏதோ கோளாறு என்று நினைத்தாள். பக்கத்தை மூடி மறுபடி திறந்தாள். அதே காலி. போன மாதம் வரை அந்தப் பட்டியல் கீழே கீழே இழுத்துக்கொண்டே போகும். பாதிக்கு மேல் படிக்கவே முடியாது. இப்போது ஒரு திரைக்குள் அடங்கி, கீழே வெள்ளையாக இடமும் மிச்சம் இருந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிடும்வரை இருந்தது. அப்புறம் சந்தேகம் வந்தது. இவ்வளவு புகாரும் எங்கே போயிற்று?

கல்லூரியில் கணினி லேபைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் சம்பள வேலை. மாணவர்களுக்கு அவள் லேப் அக்கா. புகார்ப் பட்டியல் அந்த வேலையைச் சேர்ந்தது அல்ல. அது 'கூப்பிடு' என்ற ஒரு சின்ன மென்பொருளைப் பற்றியது. பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போன வருஷம் அவள் எழுதியது. அப்பாவின் படுக்கையில் ஒரு பழைய போன் கிடக்கும். திரை முழுக்க ஒரே ஒரு பொத்தான். இடது கையால் அழுத்தினால் கீழே தையல் அறையில் தங்கையின் போனில் மணி அடிக்கும். இரண்டு போனும் வீட்டு வைஃபையில் பேசிக்கொள்ளும். இணைப்பு சரியாக இருந்தால் பொத்தானுக்கு மேலே பச்சைப் புள்ளி, அறுந்தால் சிவப்பு. வேறொன்றும் கிடையாது.

அப்பா பஸ் ஓட்டியவர். மணி வந்த புதிதில் தண்ணீருக்கு ஒரு தடவை, தலையணைக்கு ஒரு தடவை, ஜன்னலை மூட ஒரு தடவை, மூடிய ஜன்னலைத் திறக்க ஒரு தடவை என்று அழுத்தித் தள்ளினார். வாழ்நாள் முழுக்க ஹார்ன் அடித்த கை சும்மா இருக்குமா என்பாள் தங்கை. சொல்லிக்கொண்டே மாடி ஏறுவாள்.

தன் அப்பாவுக்கு உதவியது நாலு பேருக்கும் உதவட்டும் என்று லேப் அக்கா அதை இணையத்தில் திறந்து வைத்தாள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், காசு வேண்டாம். நாலு பேருக்குப் பதில் ஊர் பேர் தெரியாத ஆயிரம் வீடுகள் எடுத்துக்கொண்டன. வீடுகளோடு புகார்களும் வந்தன. மணிச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று ஒருவர். சத்தம் போதவில்லை என்று இன்னொருவர். மாமியார் தேவையில்லாமல் அழுத்துகிறார், அதற்கு ஏதாவது வழி உண்டா என்று ஒரு பெண். இவற்றுக்கு நடுவில் உண்மையான பிழைகளும் புதைந்து கிடக்கும். தோண்டி எடுக்க அவளுக்கு நேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. அப்பாவைப் பார்க்கப் போகவேண்டிய ஞாயிற்றுக்கிழமைகள்.

வெளியாட்களைச் சேர்த்துக்கொள் என்று சொன்னதே தங்கைதான். முகம் தெரியாதவர்களை எப்படி நம்புவது என்று இவள் இழுத்தாள்.

"ஒருத்தியே எல்லாத்தையும் பாத்துக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள் தங்கை. அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் வளர்க்கவில்லை. இவளும் வளர்க்க விரும்பவில்லை.

அப்படித்தான் தன்னார்வலர்கள் வந்தார்கள். அழைப்புக்குப் பலர் கை தூக்கினார்கள். நிலைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தன்னை நத்தை என்று சொல்லிக்கொண்டார். ஆனால் எந்த நேரத்தில் புகார் வந்தாலும் முதலில் படிப்பது அவர்தான். இன்னொருவர் குடை. படத்தின் இடத்தில் ஒரு கறுப்புக் குடை. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் என்பது மட்டும் தெரியும்; ஒவ்வொரு பதிலையும் 'வணக்கம்' என்று தொடங்கி 'நன்றி' என்று முடிப்பார். இரண்டு பேருக்கும் புகாரைப் படிக்கவும், கேள்வி கேட்கவும், மூடவும் அவள் அதிகாரம் கொடுத்தாள். எப்படிச் செய்வது என்று ஒரு பக்கத்துக்கு விதிகள் எழுதி வைத்தாள். அன்றைக்கு ராத்திரி, வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்தவள்போல எழுந்து எழுந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் பார்ப்பது குறைந்தது. பிறகு பார்க்கவே இல்லை.

இப்போது டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, மூடிய புகார்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் திறந்தாள். கிடைக்கவில்லை. சத்தம் போதவில்லை என்றவரின் போன் சைலன்ட்டில் இருந்ததை நத்தை கேட்டுக் கேட்டே கண்டுபிடித்திருந்தார். மாமியார் புகாருக்குக் குடை எழுதிய பதிலைப் படித்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. வணக்கம், தேவை இருக்கிறதா என்பதை அழுத்துபவர்தான் சொல்லமுடியும், நன்றி. அவளாக இருந்தால் இவ்வளவு பொறுமை இருந்திருக்காது.

அப்படியே மூடிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். இன்னும் ஒன்று என்று திறந்தாள்.

யாரோ ஒரு மகன் எழுதியது. வீட்டில் கரண்ட் போய் வந்தது. வைஃபை வந்தது. பச்சைப் புள்ளியும் வந்தது. ஆனால் மணி அடிக்கவில்லை. அம்மா வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குக் கீழே நத்தையின் குறிப்பு. இதே புகார் இன்னொன்றும் வந்திருக்கிறது, அதில் விவரம் அதிகம், அங்கே தொடரலாம். மூடப்பட்டது.

அவள் குறிப்பிலிருந்தே அந்த இன்னொன்றைத் தொட்டாள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் எழுதியது. அதே கதை. பச்சை இருக்கிறது, மணி இல்லை. புதிய பதிப்பை ஏற்றிய போன்களில் மட்டும் என்று குறித்திருந்தாள். அதற்குக் கீழே குடையின் குறிப்பு. வணக்கம், இது முன்பே வந்த புகார், முதலில் வந்ததிலேயே தொடர்வது முறை, நன்றி. மூடப்பட்டது.

முதலில் வந்ததைத் தொட்டாள். மகன் எழுதியது வந்தது. அதிலிருந்து தொட்டாள். முதியோர் இல்லத்துப் பெண் வந்தாள். மறுபடி தொட்டாள். மகன் வந்தான்.

கொஞ்ச நேரம் அவள் அப்படியே தொட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் உறைத்தது. இரண்டும் ஒரே காலையில் மூடப்பட்டவை. இவர் பார்த்தபோது அது திறந்திருந்தது. அவர் பார்த்தபோது இது திறந்திருந்தது. நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று இரண்டு பேர் வாசலில் ஒதுங்கி நின்று, கடைசியில் யாருமே உள்ளே போகாத கதை. அந்தப் பிழை இன்று உலகத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லை.

காது சூடானது. நம்பிக் கொடுத்ததற்கு இதுதான் பலன் என்று மனசு சொன்னது. வேறு எதையும் யோசிக்குமுன் விரல் அமைப்புப் பக்கத்துக்குப் போயிற்று. நத்தையின் அதிகாரத்தை எடுத்தாள். குடையின் அதிகாரத்தை எடுத்தாள். ஆளுக்கு ஒரே ஒரு சொடுக்கு போதுமாக இருந்தது. அதிலே ஒரு நிம்மதி இருந்ததை அவள் மறுக்கமாட்டாள்.

அந்த நிம்மதிக்குப் பின்னால்தான் அடுத்தது வந்தது. புதிய பதிப்பை ஏற்றிய போன்களில் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அப்பாவின் போனில் புதிய பதிப்பை அவள்தான் ஏற்றினாள். பொத்தானை இன்னும் பெரிதாக்கியிருக்கிறேன் பாருங்கப்பா என்று காட்டினாள். அவர் இடது கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நேற்று ராத்திரி பேசும்போது தங்கை சொன்னாள், சாயங்காலம் கரண்ட் போய்விட்டது, வந்த பிறகும் வைஃபை பெட்டி முழித்துக்கொள்ள நேரமாயிற்று என்று. இவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே உம் கொட்டினாள்.

போனை எடுத்தாள். அவசரத்தில் வேறு யாருக்கோ போயிற்று. வெட்டிவிட்டு மறுபடி போட்டாள்.

தங்கை எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, இந்த நேரத்துல?"

"அப்பா எப்படி இருக்கார்?"

"இன்னிக்கு நல்ல பிள்ளையா இருக்கார்" என்றாள் தங்கை. "காலையில இட்லிய ஊட்டிட்டு வந்ததுதான். அதுக்கப்புறம் ஒரு மணி கூட அடிக்கல. நானும் ரெண்டு பிளவுஸ் முடிச்சுட்டேன்."

லேப் அக்கா எழுந்து நின்றாள்.

"மேல போ" என்றாள்.

"ஏன்?"

"போடி. போய்ப் பாரு. போனை வெக்காத."

மிஷின் நின்றது. நாற்காலி தரையில் உரசியது. பிறகு படிகள். அந்த வீட்டுப் படிகளை அவளுக்குத் தெரியும். நடுவில் ஒரு படி உயரம் அதிகம். அங்கே எல்லோருக்கும் மூச்சு ஒரு தடவை மாறும். தங்கைக்கும் மாறியது. கதவு. அந்தக் கதவு எப்போதும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டுதான் திறக்கும்.

அப்புறம் சத்தமே இல்லை.

லேபில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. வரிசையாகக் கணினிகள் திரை அணைந்து கிடந்தன. ஒவ்வொரு திரையிலும் போனைக் காதில் வைத்த ஒரு பெண் கறுப்பாகத் தெரிந்தாள்.

"அப்பா" என்று தங்கையின் குரல் தூரத்தில் கேட்டது. கீழே குனிந்து பேசுகிற குரல். "எப்பப்பா விழுந்தீங்க? எங்க வலிக்குது? இங்கயா? இங்கயா?"

அப்பாவின் குரல் கேட்டது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. குரல் கேட்டதே போதும் என்று அவள் அருகில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தங்கை போனுக்குத் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. அப்பா கட்டிலில் இல்லை, தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் சாய்ந்து, காலை நீட்டி, வேட்டி நனைந்து. விழவில்லை, தானாக இறங்கப் பார்த்து வழுக்கி உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. அடி எதுவும் தெரியவில்லை. கையில் போன் இருந்தது. பொத்தானுக்கு மேலே பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"விரலை இன்னும் அதுமேலயே வெச்சிருக்கார்க்கா" என்றாள். "எடுக்க மாட்டேங்கிறார்."

என்ன சொல்கிறார் என்று இவள் கேட்டாள். தங்கை அப்பாவிடம் குனிந்து கேட்டுவிட்டு வந்தாள்.

"நான் வேலையா இருப்பேன்னு நினைச்சாராம்."

அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்து, துடைத்து, துணி மாற்றும்வரை போன் ஜன்னல் திட்டில் கிடந்தது. இவள் வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வாளியில் தண்ணீர் விழுவது, துணி பிழிவது, தங்கை திட்டுவது. திட்டிக்கொண்டே அழுதாள். கத்தியிருக்கலாமே, எதையாவது தட்டியிருக்கலாமே, டம்ளரை எடுத்து எறிந்திருக்கலாமே. மணி இருக்கும்போது எதற்குக் கத்தவேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். மணி இருக்கிறது என்றுதான் தங்கையும் கதவைச் சாத்திவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். மணி இருக்கிறது என்றுதான் இவளும் வேறு ஊரில் இருந்தாள்.

தங்கை திரும்ப வந்து, மிஷின் ஓட்டும்போது பேசுகிற சாதாரணக் குரலில் கேட்டாள்.

"என்ன ஆச்சு உன் மணிக்கு?"

அவள் சொன்னாள். பச்சையை நம்பவேண்டாம், வைஃபை போய் வந்தால் இணைப்பு செத்துக் கிடந்தாலும் பச்சை காட்டுகிறது, தப்பு புதிய பதிப்பில் இருக்கிறது என்றாள். இரண்டு பேர் இதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"எழுதினதை யார் பாத்தா? அந்த முகம் தெரியாதவங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"ரெண்டு பேருமே ஒழுங்காத்தான் படிச்சிருக்காங்க" என்றாள். "அவர் பாத்துப்பார்னு இவர் விட்டுட்டார். இவர் பாத்துப்பார்னு அவர் விட்டுட்டார்."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பா என்று தெரியவில்லை.

"நம்ம வீடு மாதிரியே" என்றாள்.

பிறகு, சரி, ஆகவேண்டியதைப் பார்ப்போம் என்றாள் தங்கை. அப்பாவின் போனில் பழைய பதிப்பை எப்படி ஏற்றுவது என்று படிப்படியாகச் சொல்லச் சொன்னாள். தானே செய்துகொள்வதாகச் சொன்னாள்.

அதை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது திரையில் நத்தையிடமிருந்து ஒரு செய்தி காத்திருந்தது. அதிகாரம் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே வந்திருக்கிறது. என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் கேட்டிருந்தார்.

அவள் தான் எழுதிய விதிகள் பக்கத்தைத் திறந்தாள். அதில் ஒரு வரி. ஒரே பிழை இரண்டு புகாராக வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மூடவும். எதை வைத்துக்கொள்வது என்று அவள் எழுதவில்லை. அது யாருக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறாள். விவரம் அதிகம் உள்ளதை வைப்பது நத்தைக்கு நியாயம். முதலில் வந்ததை வைப்பது கணக்கு வாத்தியாருக்கு நியாயம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதினாள். நடந்தது இது. பிழை என்னுடையது, விதியில் ஓட்டை என்னுடையது. கோபத்தில் அதிகாரத்தை எடுத்துவிட்டேன், திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் எத்தனை வீடுகளில் பச்சை எரிந்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. புதிய பதிப்பைத் தூக்கிவிடுகிறேன். ஆனால் ஏற்கெனவே ஏற்றியவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும். என்னால் தனியாக முடியாது.

கடைசி வரியை எழுதி அழித்து மறுபடி எழுதினாள்.

நத்தையின் பதில் உடனே வந்தது. மூடிய புகார்களை எல்லாம் அவர் ஏற்கெனவே மறுபடி படிக்கத் தொடங்கியிருந்தார். இதே மாதிரி ஒன்றையொன்று காட்டி மூடியவை வேறு இருக்கின்றனவா என்று பார்த்தாராம், இல்லை. புதிய பதிப்பு பற்றி எப்போதாவது எழுதிய ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றார். குடையும் வந்தார். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. அவர் திறந்து வைத்திருப்பார் என்று நினைத்தேன் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, முதியோர் இல்லத்துக்கு நேரே போன் செய்துவிட்டேன், அறை அறையாகப் பார்க்கிறார்கள் என்று இன்னொரு வரி.

மாணவர்கள் வந்துவிட்டார்கள். லேப் அக்கா, ப்ரின்டர் பேப்பரைத் தின்னுது என்றான் ஒருவன். அவள் போய்ப் பேப்பரை இழுத்துவிட்டு வந்தாள். கை தானாக வேலை செய்தது. வந்து உட்கார்ந்தபோது நத்தை இன்னொன்று எழுதியிருந்தார்.

என் போனிலும் புதிய பதிப்புதான் இருந்தது. நானும் பொத்தானை அழுத்துகிறவன்தான். முதுகுத்தண்டில் அடிபட்டவன். என் வீட்டில் கரண்ட் போகாததால் எனக்குத் தெரியவில்லை.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். நாள் முழுக்க, எந்த நேரத்திலும், முதலில் படிக்கிறவர்.

இப்போது உங்கள் மணி அடிக்கிறதா என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. வழக்கமாகக் கண் மூடித் திறப்பதற்குள் வரும். ஒரு மாணவன் சந்தேகம் கேட்டான், காதில் விழவில்லை. மறுபடி கேட்டான். அவள் திரையைப் பார்த்தபடியே ஏதோ சொன்னாள்.

பிறகு வந்தது. அடித்தது. அண்ணி ஓடி வந்தாள். எதற்குக் கூப்பிட்டாய் என்றாள். சும்மா என்றேன். திட்டிவிட்டுப் போகிறாள்.

சாயங்காலத்துக்குள் பச்சைப் புள்ளி பொய் சொல்லாதபடி அவள் திருத்தி முடித்தாள். இரண்டு புகார்களையும் ஒன்றாக்கித் திறந்து, பட்டியலின் உச்சியில் வைத்தாள். வைஃபையை வேண்டுமென்றே அணைத்து அணைத்துப் போட்டுச் சோதித்தாள். நத்தை சோதித்தார். குடை, பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு போனை வாங்கிவந்து சோதித்தார். ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது. முதியோர் இல்லத்துப் பெண்ணும் சரியாகிவிட்டது என்று எழுதினாள். அந்த மகனிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

இனி மூடலாமா என்று நத்தை கேட்டார்.

அவள் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை எடுத்ததும், இரு என்றாள். பின்னால் மணி அடித்தது. படி ஏறும் சத்தம். உயரமான படியில் மூச்சு மாறியது. கதவு தேய்த்துக்கொண்டு திறந்தது. என்னப்பா வேணும் என்று கேட்டாள். அப்பா ஏதோ சொன்னார். தங்கை இறங்கி வந்தாள்.

"மத்தியானத்துலேருந்து இதேதான்க்கா" என்றாள். "ஏறிப் போனா ஒண்ணும் வேணாங்கிறார். நான் வரேனான்னு பாக்கிறார். கீழே வந்து உக்காந்ததும் மறுபடி அடிக்கிறார்."

"நீ ஏறிப் போறியா?"

"போகாம?"

மிஷின் ஓடத் தொடங்கியது. கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். மணி அடித்தது. மிஷின் நின்றது.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று இவள் சொன்னாள். தங்கையின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. படிச் சத்தம்தான் கேட்டது.

இன்னும் மூடவேண்டாம் என்று நத்தைக்கு எழுதினாள்.